பின்னணியைக் கீறினது யார்?

வெள்ளவத்தையில கடலுக்கும் வீடுகளுக்கும் நடுவால ரயில் போறதைப் பார்க்காத ஆள் எங்கட குழுவில் இல்லை. அதனால முதல் அனிமேஷனுக்கு அதையே எடுத்தோம்: அசையாத கடல், தண்டவாளம், ஓடுற ரயில். மென்பொருள் வாங்கக் காசில்லை. ஜிம்ப் இலவசம். அதைத் தொடங்கினதும் எங்களை மாதிரி ரெண்டு மாணவர்கள்தான்: 1990களின் நடுவில் கலிபோர்னியாவில் படித்த ஸ்பென்சர் கிம்பலும் பீட்டர் மாட்டிஸும்.

ஜிம்பில் ஒவ்வொரு லேயரும் ஒரு பிரேம். அடியில் இருக்கிறதுதான் முதல் பிரேம். லேயரின் பெயரோடு அடைப்புக்குறிக்குள் 100 மில்லிசெக்கன் என்று போட்டால் அந்தப் படம் அவ்வளவு நேரம் நிற்கும். 24 லேயருக்கு 2.4 செக்கன். ஒரு கிழமை உழைப்பு, கண்ணை மூடித் திறக்க முடிஞ்சிடும்.

கடலை அடி லேயரில் ஒருதரம் கீறி, மேல 23 லேயரில் ரயிலை மட்டும் வைத்தோம். ஓடவிட்டால் பழைய ரயில்கள் அழியவேயில்லை, 23 ரயிலும் வரிசையா நிக்குது! 'கம்பைன்' முறையில் விட்டிருந்தோம். 'ரிப்ளேஸ்' முறைக்கு மாற்றினோம். இப்ப ரயில் ஒண்டுதான், ஆனால் கடலைக் காணேல்ல. கடைசியில, ஒவ்வொரு ரயிலுக்குப் பின்னாலும் கடலைப் பிரதியெடுத்து ஒட்டவேணும் என்று விளங்கிச்சு. அலுப்பான வேலை. முதலாம் வருஷத் தங்கச்சி ஒருத்தியிடம் தள்ளிவிட்டோம்.

இதே வேலையை 110 வருஷத்துக்கு முதல் ஒருவர் கையால செய்திருக்கிறார். 1914இல் அமெரிக்காவில் வின்சர் மெக்கே 'கெர்ட்டி' என்ற டைனோசரை மெல்லிய தாளில் ஆயிரக்கணக்கான தரம் கீறினார். டைனோசர் மட்டும் அசைந்தாலும், பின்னால் இருக்கும் பாறையும் ஏரியும் ஒவ்வொரு தாளிலும் வேணும். அவற்றைத் திரும்பத் திரும்பப் பிரதிபண்ணினவர் ஜோன் ஃபிட்ஸ்சிமன்ஸ் என்ற இளம் ஓவிய மாணவர். தாள்கள் விலகாமல் இருக்க மூலைகளில் சிலுவைக் குறிகள் போட்டார்கள். மெக்கேயை உலகத்துக்குத் தெரியும். மற்றவரை நாங்களும் போன மாசம்தான் அறிந்தோம்.

அதே 1914இல் ஏர்ல் ஹர்ட் என்பவர் வேறு வழிக்குக் காப்புரிமை கேட்டார். பின்னணியை ஒருதரம் கீறு, அசையிறதை மட்டும் ஒளி ஊடுருவும் செலுலோயிட் தாளில் கீறி மேல வை. 'செல்' என்ற அந்தத் தாள்தான் பிறகு ஸ்டூடியோக்களை நடத்திச்சு. 1956இல் டிஸ்னியின் கிளேர் வீக்ஸ் பம்பாய் ஃபிலிம்ஸ் டிவிஷனுக்கு வந்து ராம் மோகன் போன்ற இளைஞர்களுக்குப் பழக்கினதும் இந்த முறையைத்தான்.

போட்டோஷொப்பின் பிரேம் டைம்லைன் செல் அடுக்கு மாதிரி: கடல் லேயரை எல்லாப் பிரேமிலும் தெரியவிட்டால் போதும். ஜிம்பில் நாங்கள் செய்தது செல்லுக்கு முந்தின காலத்து வேலை. ஒரே வித்தியாசம், ஃபிட்ஸ்சிமன்ஸுக்கு 'கொப்பி' கட்டளை இல்லை.

படத்தைக் கொட்டாஞ்சேனையில் ஒரு நண்பன் வீட்டில் போட்டுக் காட்டினோம். கடைசியில் ஓடின பெயர்ப் பட்டியலில் தங்கச்சியின் பெயர் இல்லை. யாரும் வேணுமெண்டு விடேல்ல, ஆனால் நாலு பேர் சரிபார்த்தும் ஒருத்தருக்கும் தோன்றேல்ல. அது அதைவிட மோசம். அவள் ஒண்டும் சொல்லவில்லை. அடுத்த நாள் 'பின்னணி' என்று போட்டு அவளின் பெயரைச் சேர்த்துத் திரும்ப ஏற்றுமதி செய்தோம்.

இப்ப அவள் கேட்கிறாள், "கடல் ஏன் அண்ணா அசையாம நிக்குது?" அலை வேணுமெண்டால் 24 கடல் புதிசாக் கீறவேணும். இந்தமுறை ஆளுக்கு ஆறு.