சோறூட்டுந் திங்கள்

முலைப்பாலொன்றையே உண்டு வளருங் குழவிக்கு முதன்முதற் சோறூட்டுங் காலம் யாது என்னும் வினா, மேலெழுந்தவாரியாகப் பார்ப்பார்க்கு வீட்டுப் பெண்டிர் தம்முட் பேசித் தீர்க்கும் சிறு வினாவாகவே தோன்றும். ஆயினும் தருமநூலாரும் வைத்தியநூலாரும் நிகண்டு செய்தாரும் இதற்கு விடை கூறியிருக்கின்றனர். யவன வைத்தியரும் கூறியிருக்கின்றனர். இருபதாம் நூற்றாண்டின் அறிஞர்களோ ஒரு விடையைக் கூறுவதும் பின் அதனை மாற்றுவதுமாக இருந்தனர். அரசர்தம் போர்களை ஆண்டுமுறை பிறழாது கற்கும் நாம், எண்ணிறந்த குழந்தைகளின் உயிர்நிலையைப் பற்றிநின்ற இவ்வினாவின் வரலாற்றைக் கற்பதில்லை. அதனைச் சிறிது ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஆராய்ச்சிக்கு நிலைக்களமாக மாத்தளை மாவட்டத்து லக்கலப் பகுதியைக் கொள்வாம்.

லக்கல, நக்கிள்ஸ் என வழங்கும் தும்பறை மலைத்தொடரின் வடகீழ்ப் பக்கத்திலுள்ளது. மாத்தளையினின்றும் இரத்தோட்டை வழியாக ஏறி, ரிவர்ஸ்டன் கணவாயைக் கடந்து, இலுக்கும்புறையில் இறங்கிப் பல்லேகமையை அடைதல் வேண்டும். மலையின் மேற்பக்கம் ஈரம் மிக்கது. இறங்குந்தோறும் வறட்சி மிகும். இங்குள்ள பழைய ஊர்களில் வயலோடு சேனையும் வாழ்வுக்கு ஆதாரமாயிருந்தது. கோடையில் காட்டை வெட்டி எரித்து, ஐப்பசி மழையோடு குரக்கன் விதைத்து, மாசி பங்குனியில் அறுப்பர். 1660ஆம் ஆண்டு சிறைப்பட்டுக் கண்டி இராச்சியத்திற் பத்தொன்பதாண்டு கழித்த றொபேட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட தம் நூலிற் குரக்கனைக் கடுகையொத்த சிறுமணி என வருணித்து, அதன் மாவால் மக்கள் அடை செய்துண்ணுதலையும் குறித்துள்ளார். பிள்ளைப்பேற்றுக்கெனத் தனியே மருத்துவிச்சியர் இலர், அயலிலுள்ள பெண்டிரே வந்து உதவுவர் என்றும் அவர் எழுதினார். அத்தகைய நாட்டில் குழவிக்கு எப்பொழுது சோறூட்டுவது என்பதை முடிவுசெய்தவர் யார்? சோதிடரா, பாட்டியா, அன்றிச் சேனைக்குப் போகவேண்டிய தாயா?

சிங்கள மக்களிடையே இம்முதலூட்டு ‘இந்துல் கட்ட கேம’ எனப்படும். பெரும்பாலும் ஏழாம் மாத அளவிலே, நல்ல முகூர்த்தத்தில், பாற்சோறும் பலகாரமும் வாழைப்பழமும் முன்னே வைத்து, குழந்தை முதலில் எதனைத் தொடுகின்றதெனப் பார்ப்பர். யாழ்ப்பாணத்தார்க்கு இது புதிதன்று. நம்மவர் பல்லுக்கொழுக்கட்டை கொட்டும் நாளில் ஏட்டையும் எழுதுகோலையும் பொன்னையும் பரப்பிவைத்துப் பிள்ளையின் கை எதன்மேற் செல்கின்றதென நோக்குவதில்லையா? நாம் சோறு தீத்துவதை ஒரு நாளும் பல்முளைப்பை மற்றொரு நாளுமாகக் கொண்டாட, அவர் சோறூட்டும் நாளிலேயே பிள்ளையின் விருப்பத்தையும் பார்க்கின்றனர். சடங்கு பிரிந்தும் சேர்ந்தும் வழங்கினும், குழந்தை பாலினின்றும் சோற்றுக்கு வரும் வாயிலை ஊரறியச் செய்தல் இரண்டற்கும் பொது.

இனி நூல்வழக்கை நோக்குவாம். மனுதருமம் நான்காம் மாதத்திற் குழந்தையை இல்லின் வெளியே கொணர்தலையும், ஆறாம் மாதத்தில் அன்னமூட்டலையும் விதிக்கும்; உடனே, குலவழக்குப்படி செய்யினுமாம் என்று தளர்வுங் கொடுக்கும். சுசுருதர் ஆறாம் மாதத்தில் எளிதிற் செரிப்பதும் நலந்தருவதுமான அன்னத்தை ஊட்டுக என்பர். குழந்தை வைத்தியத்துக்கே உரிய காசியப சங்கிதையோ ஆறாம் மாதத்திற் பழமும், பத்தாம் மாதத்தில் அன்னமும் என இரண்டாக வகுக்கும். சோதிட வழக்கில் ஆண்மகவுக்கு இரட்டை மாதம், பெண்மகவுக்கு ஒற்றை மாதம் எனப் பிறிதொரு கணக்கும் உண்டு. தமிழிற் பிள்ளைப்பருவங்களைத் தொகுக்கும் பிங்கல நிகண்டு அமுதூட்டலை ஏழாந் திங்களில் வைக்கின்றது.

ஆறாந் திங்கள் என்பதற்கும் ஏழாந் திங்கள் என்பதற்கும் இடையில் ஒரு நுட்பம் உண்டு. ஆறாந் திங்கள் என்பது ஐந்து திங்கள் நிரம்பிய மறுநாளே பிறந்துவிடும். ஆறு திங்கள் நிரம்பிய மறுநாள் ஏழாந் திங்களாம். எனவே ஆறாம் மாதத்தில் ஊட்டுக என்னும் விதியைக் கொண்டு 150 நாளிலும் ஊட்டலாம், 180 நாளிலும் ஊட்டலாம். நிறைமதிக் கணக்கில் ஆறு திங்கள் 177 நாளாகலின், பிங்கலரின் ஏழாந் திங்கள் இற்றை வைத்தியர் கூறும் 180 நாளுக்கு மூன்றே நாள் முந்தும். ‘ஆறுமாதம்’ என்று தாதி கூற, ‘ஆறாம் மாதம்’ என்று பாட்டி செவிக்கொள்ளும் பிழை இன்றும் நம் வீடுகளில் நிகழ்வதாகலின், இஃது இலக்கண விளையாட்டன்று.

நிற்க. எம்முன்னோர் ஆறுமாதம் என்றனர், மேனாட்டார் இன்றுதான் அதனை அறிந்தனர் என்று மேடைகளில் முழங்குவாருளர். இக்கூற்று எமக்கு உடன்பாடன்று. முன்னோர் ஒரே குரலிற் பேசவில்லையென்பதை மேலே கண்டோம். அன்றியும், இதே நூல்கள் பிறந்த குழவிக்குத் தேனும் நெய்யும் பொன்னில் இழைத்துக் கொடுக்க விதித்தன. தாய்க்குப் பால் மூன்று நான்கு நாள் கழிந்தே சுரக்கும் என்றார் சுசுருதர். பல ஊர்களில் முதலிற் சுரக்கும் சீம்பால் பீய்ச்சி எறியப்பட்டது. ஓராண்டு நிரம்பாத குழவிக்குத் தேன் நஞ்சாகக்கூடும் என்பதும், சீம்பாலே நோய்தடுக்கும் முதன்மருந்து என்பதும் இன்று தெளிந்த உண்மைகள். ஆறாம் மாதத்தில் முன்னோர் கண்டது சரி. முதல்நாளிற் கண்டது பிழை. இரண்டையும் ஒருங்கே சொல்லுதல் வரலாற்று மாணவன் கடன். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் உரோமையில் வாழ்ந்த யவன வைத்தியர் சொறானஸ், நாற்பது நாளிலேயே தானியவுணவு கொடுக்கும் பெண்டிரைக் கடிந்து, குழவியின் உடல் உறுதிபெற ஆறுமாதமாகும் என எழுதியமையும் ஈண்டு நினைக்கத்தக்கது. குழந்தையைக் கூர்ந்து நோக்கியவர் எந்நாட்டினராயினும் ஏறக்குறைய ஓரிடத்துக்கே வந்தனர்.

விந்தையென்னவெனின், அவ்விடத்தினின்றும் மிகத் தொலைவு விலகியது இருபதாம் நூற்றாண்டே. அதன் தொடக்கத்தில் மேனாட்டு வைத்தியர் ஓராண்டு நிரம்புமுன் கட்டியுணவு கொடுத்தலையே விரும்பவில்லை. நூற்றாண்டின் நடுப்பகுதியில் எல்லாம் தலைகீழாயிற்று. 1953இல் அமெரிக்க வைத்தியர் வால்டர் சக்கெற் பிறந்த இரண்டு மூன்று நாளிலேயே தானியக்கூழ் தொடங்கலாம் என்று எழுதினார். அந்நாட்டுக் குழந்தைவைத்தியர் கழகம் 1958இல் இவ்வவசரத்தால் யாதொரு நன்மையுமில்லை என அறிக்கைவிட வேண்டியதாயிற்று. புட்டிப்பாலும் தகரத்திலடைத்த மாவும் பெருகிய காலம் அது. வணிகர் கை இதிற் கலந்திருந்தமை வெளிப்படை. 1867இல் நெஸ்லே பால்மாவைச் சந்தைக்குக் கொணர்ந்தது முதல், குழவியின் வயிறு ஒரு சந்தையாயிற்று எனலாம்.

இதற்கு எதிர்ப்புக் குரல் நம் கீழ்த்திசையிலேயே எழுந்தது. சிசிலி வில்லியம்ஸ் என்னும் பெண் வைத்தியர், இன்று கானா எனப்படும் பொற்கரை நாட்டிற் பணிபுரிந்தபோது, கால்வீங்கி மயிர்வெளிறி வாடும் குழந்தைகளின் நோயை 1933இல் விளக்கி, 1935இல் அந்நாட்டார் வழங்கிய குவாசியோர்க்கர் என்னும் பெயரையே அதற்கு இட்டார். அடுத்த பிள்ளை பிறக்க, முலையினின்றும் விலக்கப்பட்ட பிள்ளைக்கு வரும் நோய் என்பது அதன் பொருள். 1939இல் அவர் சிங்கப்பூரில் ஆற்றிய உரையில், இனிப்பூட்டிய டின்பாலைத் தாய்ப்பாலுக்கு ஈடென விற்றுக் குழவிகளைச் சாகவிடுதலைக் கொலையென்றே சாடினார்.

தமிழ் மாணவர் இவ்விடத்துச் சற்று நிற்றல் வேண்டும். ‘சவலை’ என்பது நம் மொழியில் வழங்கும் பழஞ்சொல். தாய் மறுமுறை கருவுற்றதனாலோ பால் போதாமையாலோ மெலிந்து வாடும் பிள்ளையைச் சவலைப்பிள்ளை என்போம். இரண்டாமடியில் தனிச்சீர் குறைந்து நிற்கும் வெண்பாவையும் சவலை வெண்பா என இலக்கணநூலார் அழைத்தனர். பொற்கரையின் பாட்டிமாரும் நம் பாட்டிமாரும் ஒருவரையொருவர் அறியாமலே ஒரே நோய்க்கு ஒரே காரணத்தால் பெயரிட்டிருக்கின்றனர். சோறூட்டலின் காலம் முந்தினாற் கழிச்சல், பிந்தினாற் சவலை. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள ஒடுங்கிய வழியே ஆறுமாதம்.

அவ்வழி ஏன் அங்கே அமைந்ததென்பதை உடல்நூல் விளக்குகின்றது. நிறைமாதத்திற் பிறந்த குழவி தாயின் வயிற்றிலேயே இரும்புச்சத்தைச் சேமித்துக்கொண்டு வருகின்றது. தாய்ப்பாலில் இரும்பு மிகச் சிறிதாகலின், ஏறக்குறைய ஆறுமாதத்தில் அச்சேமிப்பு வற்றும். அதேகாலத்திற் குழவி தலைநிமிர்ந்து இருக்கவும், நாவால் உணவை வெளியே தள்ளாது உள்வாங்கவும் பழகுகின்றது. ஆறு முதல் எட்டு மாதம்வரை தாய்ப்பாலுக்கு மேலாக நாளொன்றுக்கு ஏறக்குறைய 200 கலோரியும், ஒன்பது முதல் பதினொரு மாதம்வரை 300 கலோரியும், இரண்டாமாண்டில் 550 கலோரியும் உணவால் வரவேண்டும் என்பது உலக சுகாதார தாபனத்தின் கணக்கு. 2001ஆம் ஆண்டு மே மாதத்தில் உலக சுகாதாரப் பேரவை ஆறுமாதம் தாய்ப்பாலொன்றையே ஊட்டுக எனத் தீர்மானித்தது. அதற்குமுன் நான்கு முதல் ஆறு மாதம் என்பதே வழங்கிற்று. இலங்கையும் சில ஆண்டுகளுள் நான்கிலிருந்து ஆறுக்கு மாறியது. 2016ஆம் ஆண்டு மக்கட்டொகை சுகாதார ஆய்வின்படி, ஆறுமாதத்துக்குட்பட்ட குழவிகளில் நூற்றுக்கு 82 பங்கினர் தாய்ப்பாலொன்றையே உண்டனர். உலகில் மிக உயர்ந்த விகிதங்களுள் இஃதொன்று. 1935ஆம் ஆண்டின் மலேரியாக் கொடுமையில், பிறந்த ஆயிரங் குழவிகளுள் 263 ஓராண்டு நிரம்புமுன் மாண்ட நாடு இது. ஊர்தோறும் வீடுதேடிச் செல்லும் குடும்பநல மாதர் இம்மாற்றத்திற் கொண்ட பங்கு, பட்டம்பெற்ற வைத்தியர் கொண்ட பங்கிற் குறைந்ததன்று.

காலம் தெளிந்தது, உணவு தெளிந்ததா? சேனைநாட்டின் குரக்கனில் சுண்ணச்சத்து நூறு கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேலுண்டு. அரிசியிலோ அதன் சிறு கூறேயுள்ளது. ஆயினும் குரக்கன் மாவைக் காய்ச்சினாற் கூழ் இறுகும். இறுகாதிருக்க நீர் பெருக்கினால், சிறுவயிறு நீரால் நிரம்புமேயன்றிச் சத்தால் நிரம்பாது. தென்னிந்தியப் பெண்டிர் கேழ்வரகை நனைத்து முளைகட்டி உலர்த்தி அரைத்தனர். முளைத்த தானியத்தில் எழும் நொதி மாப்பொருளை உடைத்துக் கூழை இளக்குதலின், குறைந்த நீரிலே மிகுந்த மாவைக் கரைக்கலாம். இரும்பை உடலிற் சேரவிடாது தடுக்கும் பொருளும் முளைப்பாற் குறையும். இதனை நொதியென்று அறியாமலே அவர் செய்தனர். 1973இல் இலங்கையிற் தொடங்கிய திரிபோச மாவும் சோளத்தையும் சோயாவையும் கூட்டி இவ்விடரையே தீர்க்க முயன்றது.

இனித் தாயின் வேலைநாளை நோக்குவாம். எமக்கு இதுவே முதன்மையாகத் தோன்றுகின்றது. லக்கலைக்கு மேற்கே, மாத்தளை மலைகளில், 1840கள் முதல் மன்னார்க் கரையிலிறங்கிக் கால்நடையாக வந்த தமிழ்த் தொழிலாளர் கோப்பியும் பின்னர்த் தேயிலையும் நட்டனர். அத்தோட்டங்களிற் சோறூட்டுந் திங்களைப் பஞ்சாங்கமும் குறிக்கவில்லை, வைத்தியரும் குறிக்கவில்லை. பிரட்டுக்கு அழைக்கும் ஒலியே குறித்தது. தாய் கொழுந்தெடுக்கச் செல்ல, குழவி பிள்ளைக்காம்பராவில் விடப்படும். 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைச் சட்டம் தாய்க்கு ஓய்வுரிமை அளித்தது. 2018ஆம் ஆண்டின் திருத்தத்தால் எத்தனையாவது பிள்ளையாயினும் 84 நாள் என ஆயிற்று. வைத்தியம் 180 நாள் என்கின்றது. சட்டம் 84 நாள் என்கின்றது. இடைப்பட்ட 96 நாளைத் தாய் எவ்வாறு கடப்பாள்? பாலூட்ட நாளுக்கு இருமுறை இடைவேளை உண்டென்பது ஏட்டில் உள்ளது. மலைச்சரிவின் உச்சியிற் கொழுந்தெடுப்பாள் ஒருத்தி காம்பராவரை இறங்கி ஏறும் நேரம் அவ்வேட்டில் இல்லை. சேனைத்தாய்க்கு இவ்விடர் வேறுவகையில் இருந்தது. அவள் குழவியைத் தன்னோடு கொண்டுசென்று காவற்குடிசையிற் கிடத்தவும், வேண்டும்போது பாலூட்டவும் கூடியவளாயிருந்தாள். அரும்பசி அவளுக்கு அறுவடைக்கு முந்திய திங்களில் வந்தது. அத்திங்களில் ஏழாம் மாதம் நிரம்பும் குழவிக்குச் சடங்கு உண்டு, பாத்திரத்திலே மா இல்லை.

அந்நிலையும் இன்று மாறிவிட்டது. 2000ஆம் ஆண்டில் நக்கிள்ஸ் காடு பாதுகாப்புக் காடாக்கப்பட்டு, 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்ந்தது. காட்டை வெட்டிச் சேனை செய்தல் விலக்கப்பட்டது. 2018இல் களுகங்கை நீர்த்தேக்கம் நிரம்பத் தொடங்கியதும் பழைய பல்லேகமை நீருள் மறைய, மக்கள் புதிய லக்கல நகருக்குப் பெயர்ந்தனர். அங்கே மருத்துவமனையும் அகன்ற தெருவும் உள. நிறைகாட்டும் தராசும் வளர்ச்சிக்குறிப்பேடும் உள. பிள்ளையின் 180ஆம் நாளைத் தாய் பிழையாது அறிவாள். குரக்கன் மட்டும் கடையில் விலைக்கு வாங்கப்படுகின்றது. அதன் பக்கத்திலேயே இனிப்பூட்டிய பிஸ்கற்றும் அடுக்கப்பட்டிருக்கின்றது.