அமுக்கமானியும் அதன் இறப்பர் உறையும்

ரயரின் காற்றமுக்கத்தை அளக்கும் சிறிய மானிகளிற் பலவற்றைச் சுற்றித் தடித்த இறப்பர் உறையொன்று போடப்பட்டிருப்பதை வாகனம் வைத்திருப்போர் கண்டிருப்பர். அதனை அலங்காரம் என்றும், கைக்கு வழுக்காமல் இருப்பதற்கான ஏற்பாடு என்றும் எண்ணுவோர் உண்டு. மானி காட்டும் எண் பொய்த்துப் போகாதிருக்க வேண்டும் என்பதே அதன் முதன்மையான நோக்கம். அந்த எண்ணில் உயிர்கள் தங்கியுள்ளன என்பதை உலகம் உணர்ந்துகொள்ள நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேற் சென்றன.

காற்றடைத்த சில்லுக்கு முதன்முதலில் உரிமம் பெற்றவர் ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த றொபேட் வில்லியம் தொம்சன். ஆண்டு 1845. அன்றைய குதிரை வண்டிகளுக்கு அது ஆடம்பரமாகவே தோன்றியதால், அவரது கண்டுபிடிப்பு மறக்கப்பட்டது. 1888இல் பெல்பாஸ்ட் நகரின் மிருக வைத்தியரான ஜோன் போய்ட் டன்லொப், தமது மகனின் முச்சில்லுச் சைக்கிளுக்காக அதே எண்ணத்தை மீண்டும் கண்டடைந்தார். 1895இல் பரிசிலிருந்து போர்டோ வரை சென்று திரும்பும் மோட்டார் பந்தயத்தில் மிஷலின் சகோதரர்கள் காற்றடைத்த ரயர்களுடன் கார் ஓட்டினர். அடிக்கடி காற்றுப் போனதால் அவர்களுக்கு வெற்றி கிட்டவில்லை. ஆயினும், மோட்டார் வண்டி காற்றின் மீது ஓடமுடியும் என்பது நிரூபணமாயிற்று.

காற்றை அடைத்தால் மட்டும் போதாது. அதனை உள்ளே நிறுத்தவும் அளக்கவும் வழி வேண்டும். நிறுத்தும் வழியைத் தந்தது நியூயோர்க்கில் இயங்கிய ஷ்ரேடர் நிறுவனம். ஜேர்மனியிலிருந்து குடியேறிய ஓகஸ்ட் ஷ்ரேடர் தொடங்கிய இந்நிறுவனம், சுழியோடிகளுக்கான தலைக்கவசங்களையும் செய்துவந்தது. 1893இல் அது உரிமம் பெற்ற வால்வே, சிற்சில மாற்றங்களுடன், இன்றும் உலகெங்கும் கார் ரயர்களிற் பயன்படுகின்றது.

அளக்கும் வழியோ அதற்கும் முந்தியது. 1849இல் பரிசைச் சேர்ந்த இயூஜின் பூர்டோன், நீராவிக் கொதிகலன்களின் அமுக்கத்தை அறிவதற்கெனக் கருவியொன்றை அமைத்தார். தட்டையாக்கப்பட்டு வில்போல வளைக்கப்பட்ட உலோகக் குழாயே அதன் உயிர்நாடி. உள்ளே அமுக்கம் ஏறும்போது குழாய் சற்றே நிமிர முயல்கின்றது. அந்த மயிரிழை அசைவைச் சிறு பற்சில்லுகள் பெருக்கி முள்ளைச் சுழற்றுகின்றன. வட்ட முகப்புடைய ரயர் மானிகளுட் பெரும்பாலானவை இன்றும் இந்தத் தத்துவத்திலேயே இயங்குகின்றன.

இதன் நுட்பமே இதன் பலவீனமும் ஆகும். சீமெந்துத் தரையில் ஒருமுறை விழுந்தாற் போதும்: குழாய் சிறிது கோணலாம், பற்சில்லு ஒரு பல் தள்ளி நிற்கலாம். கண்ணாடி உடைந்தால் மானி பழுதானது என்று தெரிந்துவிடும். கண்ணாடி உடையாமல் உள்ளே மட்டும் குழம்பிய மானியே ஆபத்தானது. அது வழமைபோல ஓர் எண்ணைக் காட்டிக்கொண்டே இருக்கும், நாமும் அதனை நம்பிக்கொண்டே இருப்போம். விழும் வேகத்தைத் தன்னுள் வாங்கி அதிர்ச்சியைக் குறைப்பதே இறப்பர் உறையின் பணி.

அந்த இறப்பருக்கும் ஒரு வரலாறு உண்டு. வெயிலில் ஒட்டும், குளிரில் வெடிக்கும் பாலைக் கந்தகத்துடன் சூடாக்கி உறுதியாக்கும் முறையைச் சாள்ஸ் குட்இயர் 1839இல் கண்டறிந்தார். 1876இல் ஹென்றி விக்ஹாம் பிரேசிலிலிருந்து இலண்டன் கியூ பூங்காவுக்குக் கொண்டுவந்த சுமார் 70,000 விதைகளில் முளைத்தவை சில ஆயிரங்களே. அவற்றுட் சுமார் 1,900 கன்றுகள் அதே ஆண்டில் இலங்கைக்கு வந்தன. கம்பஹாவின் ஹெனரத்கொட தாவரவியற் பூங்காவில் அவை வளர்க்கப்பட்டன. பின்னர் களுத்துறை, கேகாலை மாவட்டத் தோட்டங்களில் விடியற்காலையில் பால்வெட்டியோருள் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளரும் அவர்தம் சந்ததியினரும் பெருந்தொகையினர். உலகின் சில்லுகளைச் சுழலவைத்த இம்மக்களுட் பெரும்பாலானோரை 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் நாடற்றவராக்கியது என்பதையும் இறப்பரின் வரலாற்றை எழுதுவோர் மறக்கலாகாது.

இனி, எண்ணின் விலைக்கு வருவோம். 2000ஆம் ஆண்டு ஆகஸ்ட் 9ஆம் திகதி, பயர்ஸ்டோன் நிறுவனம் ஐக்கிய அமெரிக்காவிற் சுமார் 65 இலட்சம் ரயர்களை மீளப்பெறுவதாக அறிவித்தது. அவற்றுட் பல போர்ட் எக்ஸ்புளோரர் வாகனங்களிற் பூட்டப்பட்டிருந்தன. ஓடும்போதே ரயரின் மேற்பட்டை கழன்று, வாகனங்கள் புரண்டன. இவ்விபத்துகளில் அமெரிக்காவில் மட்டும் 270க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ரயரின் உற்பத்திக் குறைபாடா, வாகனத்தின் வடிவமைப்பா என்று இரு நிறுவனங்களும் ஒன்றையொன்று குற்றஞ்சாட்டின. அந்த வாதத்தின் நடுவே நின்றது ஓர் எண். சதுர அங்குலத்துக்கு 26 இறாத்தல் அமுக்கம் போதும் என்று போர்ட் பரிந்துரைத்திருந்தது. 30 வேண்டும் என்றது பயர்ஸ்டோன். காற்றுக் குறைந்த ரயர் கூடுதலாக வளைந்து நெளியும், நெளிவு வெப்பமாகும், வெப்பம் ரயரின் அடுக்குகளைப் பிரிக்கும். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு நீடித்த இரு நிறுவனங்களின் உறவு 2001இல் முறிந்தது.

இவ்வழிவின் பின் அமெரிக்கக் காங்கிரஸ் நிறைவேற்றிய சட்டத்தின்படி, அமுக்கம் நான்கிலொரு பங்கு குறைந்தால் எச்சரிக்கும் கருவி 2007 செப்டெம்பர் முதல் அந்நாட்டின் புதிய கார்கள் அனைத்திலும் கட்டாயமாயிற்று. ஐரோப்பிய ஒன்றியத்தில் இத்தகையதொரு விதி 2014 நவம்பரிற் புதிய கார்கள் யாவற்றுக்கும் நடைமுறைக்கு வந்தது. எனினும், நான்கிலொரு பங்கு என்பது சிறிய அளவன்று. 32 இறாத்தல் இருக்க வேண்டிய ரயர் 24ஆக இறங்கும்வரை அக்கருவி மௌனமாக இருக்கலாம். அந்த இடைவெளியை நிரப்புவது கைமானியே.

ஆகவே, மானியை உறையுடன் வைத்திருங்கள். வாகனம் ஓடுமுன், ரயர் குளிர்ந்திருக்கும்போதே அளந்து பாருங்கள். மானி கீழே விழுந்திருந்தால், முள் பூச்சியத்துக்குத் திரும்புகின்றதா என்று பார்ப்பதுடன், வேறொரு மானியுடனும் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். 2000ஆம் ஆண்டில் இரு பெரும் நிறுவனங்கள் வழக்காடிய வேறுபாடு வெறும் நான்கு இறாத்தல். கைதவறி விழுந்த மானியொன்று சத்தமின்றி அதே அளவு பிழைகாட்டக்கூடும்.