மணலும் கண்ணாடித் திரையும்



கல்விக் கருவிகளின் வரலாறு கணினியோடு தொடங்கியது என்று நீங்கள் எண்ணக்கூடும். அவ்வாறன்று. நம் திண்ணைப் பள்ளிகளில் பரப்பிய மணலும் ஒரு கல்விக் கருவியே. அங்கே விரலே எழுதுகோல், பிழைத்தால் கையால் தடவி அழிக்கலாம், செலவும் இல்லை. குழந்தையின் கைக்கும் ஏழையின் வீட்டிற்கும் ஏற்றதாய் இருந்ததே அதன் சிறப்பு.

அச்சிறப்பை உணர்ந்தவர் ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார். சென்னை எழும்பூரில், படைவீரர்களின் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்கென அமைந்த பள்ளியின் மேற்பார்வையை 1789-ஆம் ஆண்டில் அவர் ஏற்றார். உள்ளூர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டவர், தம் பள்ளியிலும் அவ்வாறே கற்பிக்கப் பணித்தார். ஆசிரியரோ இயலாதென்றார். உடனே பெல், ஜான் ஃபிரிஸ்கென் என்னும் எட்டு வயதுச் சிறுவனிடம் அவ்வகுப்பை ஒப்படைத்தார். சிறுவன் செய்து காட்டினான். நம் சட்டாம்பிள்ளை வழக்கத்தை ஒத்த இம்முறையைப் பற்றி, 1797-இல் பெல் லண்டனில் நூல் வெளியிட்டார். பின்னர் அது 'சென்னை முறை' என்ற பெயரோடு இங்கிலாந்தில் பரவிற்று.

மற்றொரு சான்று நம் காலத்தது. தமிழ் எழுத்துகள் 247; அத்தனைக்கும் தனித்தனி விசை வைத்தல் ஆகுமா? 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி உருவான 'தமிழ்99' விசைப்பலகை இதற்கு எளிய வழி கண்டது. உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம். மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். ககரத்தை அழுத்தி இகரத்தை அழுத்தினால் 'கி' தோன்றும். உயிரும் மெய்யும் கூடி உயிர்மெய்யாகும் என்று நாம் படித்த இலக்கணமே அங்கே பொறியாயிற்று. கற்பவர் முன்னரே அறிந்ததன்மீது கட்டப்படும் கருவி எளிதாகிறது.

இனி, நான் கண்டதைச் சொல்கிறேன். 2018-இல் நம் மாநிலப் புதிய பாடநூல்களில் விரைவுக் குறியீடுகள் இடம்பெற்றன. 2019-இல் கல்வித் தொலைக்காட்சி தொடங்கிற்று. 2020 மார்ச்சில் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்படவே, பாடம் திரைக்குச் சென்றது. ஆம்பூரில் எங்கள் தெருச் சிறுமி ஒருத்திக்கு நான் உதவி வந்தேன். அவள் பாடத்தைப் பார்க்காமல் வந்தபோது, சோம்பல் என்று கடிந்துகொண்டேன். அவள் தலைகுனிந்து நின்றாள். பிறகே உண்மை தெரிந்தது. வீட்டில் இருந்தது ஒரே கைப்பேசி. அது தாயுடன் ஷூ கம்பெனிக்குப் போய், பொழுது சாய்ந்த பின்னரே திரும்பும். இரவில் திறந்தாலோ, செயலியின் முதல் பக்கம் முழுதும் ஆங்கிலம்; பாடம் பாதியில் அறுந்தால் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். என் மூக்குக்கண்ணாடியோடு நானே முயன்று தோற்றேன். ஆசிரியப் பயிற்சி பெற்று, பல்லாண்டு தலைமையாசிரியனாய் இருந்தவன், கருவியின் குற்றத்தைக் குழந்தையின் குற்றமாக்கினேனே! அன்று அவளிடம் வருத்தம் தெரிவித்தேன்.

எங்கள் வேலூர், ஆம்பூர் வட்டாரம் தோலுக்கும் காலணிக்கும் பெயர் பெற்றது. இங்கே முதலில் காலின் வடிவில் அச்சு, அதன்மேல்தான் தோல். செருப்புக் கடித்தால் காலைத் திருத்துவார் எவருமிலர். 2021-இல் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி'த் திட்டமும் இதே நெறியில், பிள்ளைகளின் குடியிருப்புக்கு அருகிலேயே, மாலை வேளையில், தன்னார்வலர்களைக் கொண்டு பாடம் நடத்தியது.

மாணவர்களே! நாளை உங்களில் சிலர் கல்விச் செயலிகளை அமைக்கக்கூடும். அப்போது முதலில் ஒரு குழந்தையின் கையில் அதைக் கொடுத்து, வாய்திறவாமல் அருகே அமர்ந்து பாருங்கள். அக்குழந்தை தடுமாறும் இடமே நீங்கள் திருத்த வேண்டிய இடம்.