மேற்சேரிக் கோழி: நடுகல்லில் ஒரு பறவையின் பொருள்

சின்னசேலத்துக்கு வடக்கே எழும் கல்வராயன் மலையைச் சுற்றி, செங்கம் முதல் திருக்கோவிலூர் வரையிலான நிலம் நடுகற்களுக்குப் பேர்போனது. அந்த நிலத்தை ஒட்டிய விழுப்புரம் மாவட்டத்து அரசலாபுரத்தில் கிடைத்த கல்லில் வீரன் இல்லை, சேவல் நிற்கிறது. கி.பி. 5ஆம் நூற்றாண்டளவிலான அதன் எழுத்து, முகையூர் மேற்சேரியின் கோழி என்று அதைக் குறிக்கிறது. செங்கல்பட்டுப் பக்கத்து இந்தளூர்க் கல் கீழ்ச்சேரிக் கோழி ஒன்றின் பெயரையே சொல்கிறது: பொற்கொற்றி. போர்வீரன் ஒருவனுக்கும் பொருந்தும் பெயர்தான்.

சேவல் என்றதும் முருகனின் கொடியும், யானையை வென்ற உறையூர்க் கோழியின் கதையும் நினைவுக்கு வரும். அவற்றைக் கொண்டு இக்கற்களையும் சமயக் குறியீடாகப் படித்துவிடலாம். கல்லில் உள்ள எழுத்து அதற்கு இடம் தரவில்லை. இரண்டிலும் தெய்வத்தின் பெயர் இல்லை. பல்லவர் கால நடுகற்களில் வழக்கமாக வரும் அரசனின் ஆட்சியாண்டும் இல்லை. எடுத்தனூர் நடுகல்லோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெளியும். அங்கே மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டு பொறிக்கப்பட்டிருக்கிறது; கோவிவன் என்ற நாய் தன் தலைவனோடு சேர்ந்து கல்லில் இடம்பெறுகிறது. கோழிக்கு அப்படி ஒரு தலைவன் இல்லை. வளர்த்தவர் யாரென்று இரண்டு கல்லும் சொல்லவில்லை. எஞ்சுவது சேரி, அதாவது ஊரின் ஒரு பகுதி. அந்தச் சேவல் கடவுளுக்கோ உடையவனுக்கோ நிற்கவில்லை, தன் சேரிக்கு நிற்கிறது என்பதே என் துணிபு.

இக்கற்கள் கோழிப்போரில் மாண்ட சேவல்களுக்கு எடுத்தவை என்று கொண்டால், சங்க இலக்கியம் இத்துணிபுக்குப் பக்கச் சான்று தருகிறது. மூட்டிவிடவும் விலக்கவும் ஆளில்லாத குப்பைக்கோழிச் சண்டையைத் தனிமைத் துயருக்கு உவமையாக்கியதால்தான் குறுந்தொகைப் புலவர் ஒருவர் குப்பைக்கோழியார் ஆனார். ஆளில்லாச் சண்டை அவலமாகப் பட்டதென்றால், முறையான கோழிப்போரின் பின்னால் ஒரு கூட்டம் நின்றிருக்க வேண்டும்.

பறவைக்குப் பொருள் ஏற்றும் முறை எங்கும் இப்படி இல்லை; நியூ மெக்சிகோவின் பியூப்லோ மக்களிடம் நிலைமை வேறு. சாக்கோ பள்ளத்தாக்கின் பியூப்லோ பொனிட்டோவில் கிடைத்த செம்மக்காவ் கிளிகளின் எலும்புகள், தொலைதூரத் தெற்கிலிருந்து வந்த பறவைகளுடையவை. பியூப்லோ மக்களுள் ஒரு பிரிவான சூனிகளின் மரபில் மக்காவ் தென்திசைக்கு உரியது. அதன் இறகு வேண்டுதலில் இடம்பெறும். அங்கே பொருள் தருவது இனம், தனிப்பறவையன்று. நம்மிடமும் அத்தகைய முறை உண்டு: வல்லூறு, ஆந்தை, காகம், கோழி, மயில் என ஐந்தையும் பிறந்த நட்சத்திரத்தோடு பிணைக்கும் பஞ்சபட்சி சாத்திரம். பொற்கொற்றி அந்த அட்டவணைக்குள் அடங்காத பறவை.

பிற்காலச் சேவற்கட்டு அட்டவணைப் பக்கமே சாய்ந்துவிட்டது. அங்கே சேவலை அதன் நிறத்தைக் கொண்டு காகம், வல்லூறு, கீரி, மயில் என்று அழைக்கிறார்கள். வென்றால் பேசப்படுவது வளர்த்தவர் பெயர்.