கயிறு ஏறாத மலை

மேட்டுப்பாளையம் ஸ்டேஷன். காலை ஏழு மணி வாக்கில் மலை ரயிலுக்காக நின்றுகொண்டிருந்தோம். பக்கத்தில் ஒரு பெரியவர் கேட்டார்: "ஏனுங்க, இதயும் மேலயிருந்து கயித்துலதான் இழுக்கறாங்களா? பழனி வின்ச்சு மாதிரி?"

உடன் வந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். சிரிக்க ஒன்றுமில்லை. இந்த மலைக்குக் கயிறு கட்டும் யோசனை நிஜமாகவே வந்து போனதுதான்.

ஆங்கிலத்தில் 'ஃபியூனிகுலர்' என்று அதிகம் புழங்காத ஒரு சொல் உண்டு. லத்தீனில் 'ஃபியூனிகுலஸ்' என்றால் சிறு கயிறு. கயிறு போன்றது, கயிற்றால் இயங்குவது என்கிற பெயரடையாக இருந்து, பிறகு கயிற்றால் மலையேறும் ரயிலுக்கே பெயராகிவிட்டது. 1880இல் இத்தாலியின் வெசுவியஸ் எரிமலையில் அப்படி ஒரு ரயில் ஓடியபோது, அதற்காகவே ஒரு பாட்டுக் கட்டினார்கள். நம் தாவரவியல் பாடத்தில் வரும் சூல்காம்புக்கும் ஆங்கிலப் பெயர் இதே வேரிலிருந்துதான். அவர்கள் கயிற்றைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள். பழனியில் நாம் கயிற்றைச் சுற்றும் உருளையைப் பார்த்து வைத்தோம்: வின்ச்.

போத்தனூரிலிருந்து ரயில் மேட்டுப்பாளையம் வந்தது 1873இல். அதற்கு மேலே மாட்டுவண்டியும் குதிரையும்தான். மலைக்கு ரயில் விடும் பேச்சு 1854லேயே தொடங்கியிருந்தது. பின்னால் வந்த திட்டங்களில் ஒன்று இது: கல்லாறு தாண்டிச் சிறிது தூரம் ரயில், அங்கிருந்து குன்னூர்ப் பக்கம் லேடி கேனிங்ஸ் சீட் வரை சரிவில் கயிற்றுப் பாதை. இன்னொன்று, மலை ஓடைகளின் நீர் அழுத்தத்தால் வண்டியைத் தள்ளும் திட்டம். இரண்டும் காகிதத்தோடு நின்றன.

ஜெயித்தது பல். சுவிட்சர்லாந்தின் ரிகி மலையில் 1871இல் பல்தண்டவாளம் போட்ட ரிக்கன்பாக்கின் திட்டமும் பரிசீலனைக்கு வந்தது. கடைசியில் ரோமன் ஆப்ட் என்கிற இன்னொரு சுவிஸ்காரரின் முறை வந்தது. இரண்டு பல்பட்டைகள் அருகருகே, பற்கள் முன்பின்னாக. ஒரு பல் விடுபடும்போது இன்னொன்று பிடித்திருக்கும். 1891இல் வேலை தொடங்கி, 1899இல் குன்னூருக்கும் 1908இல் ஊட்டிக்கும் ரயில் போனது. கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே சுமார் 12 அடிக்கு ஓர் அடி ஏற்றம். அங்கே என்ஜின் இழுப்பதில்லை, கீழே நின்று முட்டித் தள்ளுகிறது.

கயிறு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? கயிற்றுக்கு இரண்டு முனைகள்தான் முக்கியம். கீழே ஏற்று, மேலே இறக்கு. நடுவிலிருக்கும் காடு அதற்கு வெறும் தூரம். பல் அப்படியில்லை. வளைவு வளைவாக மலையைத் தொட்டுத்தான் போக வேண்டும். அதனால்தான் 46 கிலோமீட்டரில் 208 வளைவுகள், 16 குகைகள். ஹில்குரோவ், ரன்னிமேடு என்று வழியில் ஸ்டேஷன்கள். அதற்கு விலையும் உண்டு. மழைக்காலத்தில் மண் சரிந்தால் வண்டி நின்றுவிடும். மலையைத் தொட்டுப் போகிறவனுக்கு மலையின் கஷ்டமும் சேர்த்துத்தான்.

2005இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. எடுபடாமல் போன அந்தக் கயிற்றை யாரும் பேசுவதில்லை.

ஹில்குரோவில் தண்ணீர் பிடிக்க வண்டி நின்றது. பெரியவர் மெதுவாக இறங்கி, குனிந்து தண்டவாளத்தின் நடுவே பார்த்தார்.

"பல்லுதானுங்க" என்றார். "ஆனா கயிறும் நல்ல ரோசனதான்."