வெட்டிவேரின் ஆழம்

மேலே பார்த்தால் சாதாரணப் புல்தான். ஆள் உயரத்துக்குக் குத்துக்குத்தாக நிமிர்ந்து நிற்கும். தாள்கள் ஒடுங்கி, விறைப்பாக இருக்கும். ஓரம் விரலை அறுத்துவிடும். கதிர் ஊதா நிறம். தோண்டினால்தான் அதன் அருமை தெரியும்: நூல்நூலான வேர்கள் பக்கவாட்டில் அதிகம் பரவாமல் நேர்கீழாக 3 மீட்டர் வரை இறங்கியிருக்கும். மண்ணை உதறி முகர்ந்தால் முதல் மழையின் வாசம்.

தோண்டி வெட்டி எடுப்பதால் வெட்டிவேர். இந்தத் தமிழ்ப் பெயரையே பிரெஞ்சும் ஆங்கிலமும் எடுத்துக்கொண்டன. லின்னேயஸ் 1771-இல் இதற்கு அறிவியல் பெயர் சூட்டுவதற்கு வெகுகாலம் முன்பே வடக்கே வேர்த்தட்டிகளில் நீர் தெளித்துக் கோடைக்காற்றைக் குளிர்வித்தார்கள். நம் பக்கத்தில் பானைத் தண்ணீருக்குள் ஒரு பிடி வேர் போதும்.

வேரை மண்ணிலேயே விட்டு வைத்தவர்களின் கதை தனி. 1950-களில் ஃபிஜியின் கரும்புச் சரிவுகளில் ஜான் கிரீன்ஃபீல்டு என்பவர் இதை வரிசையாக நட்டார். மழைநீர் அடித்துவந்த மண் அந்தக் குத்துகளில் தங்கி, சரிவு மெல்லப் படியானது.

1980-களில் உலக வங்கி வழியாக அந்த யோசனை இந்தியா வந்தது. மைசூர்ப் பக்கம் குண்டல்பேட்டை உழவர்களோ தலைமுறைகளாக வயல் எல்லையில் இந்தப் புல்லைத்தான் நட்டு வந்திருந்தார்கள்.