கவுன்ட் பேஸி இசைக்குழுவின் ஒலிப்பதிவுகள்

அமெரிக்கப் பியானோ கலைஞர் வில்லியம் ‘கவுன்ட்’ பேஸி (1904–1984) நடத்திய ஜாஸ் இசைக்குழு ஸ்டூடியோவில் பதிந்த தட்டுகளும், அதன் வானொலி நிகழ்ச்சிகளிலிருந்து பிறர் பிடித்துவைத்த பதிவுகளும் இங்கே சேர்த்துப் பேசப்படுகின்றன. ஸ்விங் இசை என்னவென்று கேட்பவர் கையில் முதலில் கொடுக்க வேண்டியவை இவை.

நியூ ஜெர்சியின் ரெட் பேங்கில் பிறந்த பேஸி, ஊர் ஊராகச் சென்ற நிகழ்ச்சிக் குழு ஒன்று கலைந்துபோனதால் 1927இல் கான்சாஸ் சிட்டியில் தங்கினார். பிறகு பென்னி மோட்டனின் குழுவில் வாசித்தார். அந்தக் குழு 1932 டிசம்பரில் கேம்டன் நகரில் விக்டர் நிறுவனத்துக்காகப் பதிந்த தட்டுகளிலேயே பின்னாளைய பேஸி பாணி தெளிவாகக் கேட்கிறது. 1935இல் மோட்டன் இறந்தபின், அவரிடம் இருந்த சிலரைச் சேர்த்துக்கொண்டு பேஸி ரீனோ கிளப்பில் வாசிக்கத் தொடங்கினார். எழுதிவைத்த இசைக்குறிப்பு அவர்களிடம் மிகக் குறைவு. ஒருவர் சிறு சொற்றொடர் ஒன்றை ஊதுவார். அருகில் இருப்பவர்கள் அதைப் பற்றிக்கொண்டு திரும்பத் திரும்ப ஊதுவார்கள். அதன்மேல் ஒருவரின் தனி வாசிப்பு எழும். இரவுதோறும் வாசித்தே உருப்படி நிலைபெற்றது.

கிளப்பின் வானொலி ஒலிபரப்பை 1936இல் சிகாகோவில் காரில் இருந்தபடி கேட்ட விமர்சகர் ஜான் ஹாமண்ட், குழுவை ஒப்பந்தம் செய்யக் கான்சாஸ் சிட்டிக்கு வந்தார். அதற்குள் டெக்கா நிறுவனம் முந்திக்கொண்டது. இசைத்தட்டின் 24 பக்கங்களுக்கு மொத்தம் 750 டாலர். விற்பனையில் பங்கு கிடையாது. ஒரு கலைஞனின் அறியாமையைப் பயன்படுத்திக்கொண்ட ஒப்பந்தம் என்றே இதைச் சொல்ல வேண்டும். டெக்காவுக்கு முன்பே எதையாவது பதிந்துவிட விரும்பிய ஹாமண்ட், அதே ஆண்டு சிகாகோவில் குழுவின் சிலரை ‘ஜோன்ஸ்–ஸ்மித்’ என்ற மாற்றுப் பெயரில் வாசிக்கவைத்தார். டெனார் சாக்ஸபோன் கலைஞர் லெஸ்டர் யங்கின் முதல் ஒலிப்பதிவு அது. ‘ஷூ ஷைன் பாய்’, ‘ஓ, லேடி பி குட்’ இரண்டிலும் ஒரு தொடக்கக்காரரின் தயக்கம் துளியும் இல்லை.

டெக்கா பதிவுகள் 1937 ஜனவரியில் நியூயார்க்கில் தொடங்கின. அடுத்த சில வாரங்களில் கிட்டார் கலைஞர் ஃப்ரெடி கிரீன் வந்து சேர, டபுள் பாஸில் வால்டர் பேஜ், டிரம்ஸில் ஜோ ஜோன்ஸ், பியானோவில் பேஸி என்று தாளப் பகுதி முழுமை பெற்றது. தாளத்தின் பாரத்தைப் பெரிய டிரம்மிலிருந்து இறக்கி, ஜோன்ஸ் ஹை-ஹாட் எனும் உலோகத் தாளத்தட்டுகளில் மிதக்கவிட்டார். தாளத்தைத் தாங்க நண்பர்கள் இருந்ததால் பேஸியின் இடது கைக்கு வேலை குறைந்தது. எங்கே வாசிக்காமல் விட வேண்டும் என்பதை அவரைப்போல் அறிந்த பியானோ கலைஞர் அரிது. 1937 ஜூலையில் பதிந்த ‘ஒன் ஓ’கிளாக் ஜம்ப்’ குழுவின் அடையாள இசை ஆயிற்று. ‘ஜம்பின் அட் தி வுட்சைட்’ 1938 ஆகஸ்டில் வந்தது. லெஸ்டர் யங்கின் மெல்லிய ஒலியும் ஹெர்ஷல் எவன்ஸின் கனத்த ஒலியும் அடுத்தடுத்து மோதிக்கொள்வது இந்தத் தட்டுகளின் தனி இன்பம். எவன்ஸ் 1939 பிப்ரவரியில் இறந்தார். அவருடைய உருக்கத்துக்கு ‘ப்ளூ அண்ட் சென்டிமென்டல்’ ஒன்றே போதும்.

1939இல் குழு டெக்காவை விட்டு, கொலம்பியாவைச் சேர்ந்த வோகலியனுக்கு மாறியது. ‘டாக்ஸி வார் டான்ஸ்’, எழுவர் மட்டும் வாசித்த ‘லெஸ்டர் லீப்ஸ் இன்’ இரண்டும் அந்த ஆண்டின் பதிவுகள். 1940 இறுதியில் லெஸ்டர் விலகினார். 1942 ஆகஸ்டில் இசைக்கலைஞர் சங்கம் ஒலிப்பதிவு வேலைநிறுத்தம் தொடங்கியது. கொலம்பியா 1944 நவம்பரில்தான் சங்கத்துடன் உடன்பட்டது.

ஆனால் ஸ்டூடியோத் தட்டு கதையின் பாதிதான். பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய மூன்று நிமிடம்; நடன அரங்கில் ஒரே உருப்படியை எவ்வளவோ நேரம் வளர்த்துச் சென்றவர்களுக்கு அது போதவில்லை. பில்லி ஹாலிடே 1937–38இல் இக்குழுவோடு பாடியும், வேறு நிறுவனத்துடன் ஒப்பந்தம் இருந்ததால் பேஸியுடன் ஒரு ஸ்டூடியோத் தட்டுகூட வரவில்லை. 1937இல் சவாய் நடன அரங்கு போன்ற இடங்களிலிருந்து ஒலிபரப்பானவற்றில் மிஞ்சிய சில பாடல்களே அந்தக் கூட்டணிக்குச் சாட்சி. ஒலிப்பொறியாளர் பில் சேவரி வானொலியிலிருந்து தட்டுகளில் பிடித்துவைத்தவை 2010இல் ஹார்லெமின் தேசிய ஜாஸ் அருங்காட்சியகத்துக்கு வந்தன. அவற்றில் 1938–40 கால பேஸி குழுவும் உண்டு.

1950இல் குழுவைக் கலைத்த பேஸி, 1952இல் புதிதாகக் கட்டினார். ‘ஏப்ரல் இன் பாரிஸ்’ (1955), நீல் ஹெஃப்டி இசையமைத்த ‘தி அடாமிக் மிஸ்டர் பேஸி’ (1957) ஆகியவை இரண்டாம் குழுவின் சிகரங்கள். பின்னதற்கு முதல் கிராமி விருது விழாவில் பரிசு கிடைத்தது. எழுதிய இசையைத் துல்லியமாக வாசிப்பதில் இக்குழு முதல் குழுவை வென்றது; தனி வாசிப்பின் துணிச்சலில் அதை எட்டவில்லை. டெக்கா தட்டுகளில் தொடங்குங்கள். அங்கேயே நின்றுவிடாமல் சேவரி பிடித்துவைத்தவற்றையும் கேளுங்கள்.